தூக்கும் கைகளும் தூக்கப்படும் உடலும்

கட்டில் வாங்குவதில் அறம் பற்றிய வினா எங்கே வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். மெத்தை, தலையணை, கட்டில் முதலியன கடைவீதிக்குரியவை, அறநூலுக்கு அவற்றோடு என்ன உறவு என்பதே பொதுவான எண்ணம். ஆயினும், தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியே உயர்ந்து தாழும் கட்டிலை, பேச்சு வழக்கில் ஆஸ்பத்திரிக் கட்டில் என்கிறோமே அதனை, வீட்டில் படுத்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு ஒரு குடும்பத்தில் எழும்போது சற்றே கவனித்துப் பாருங்கள். கூடத்தில் அமர்ந்து பேசுகிறவர் ஒருவர். அடுக்களையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர். உள்ளறையில் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர் இன்னொருவர். பணம் தருபவரும், நாள்தோறும் தூக்கி உட்கார வைப்பவரும், தூக்கப்படுபவரும் மூன்று வெவ்வேறு மனிதர்கள். முடிவு செய்யும் உரிமை பெரும்பாலும் முதலாமவரிடமே இருக்கிறது. அவருக்கோ அந்தக் கட்டிலின் தேவை மற்ற இருவருக்கும் தெரிந்த அளவுக்குத் தெரிவதில்லை. அறம் பற்றிய வினா இங்கேதான் நுழைகிறது.

இத்தகைய பேச்சில் எழும் மறுப்புகளுள் மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது ஒன்றுண்டு. "பெற்ற தாயைத் தூக்கி உட்கார வைக்க எந்திரம் எதற்கு? நமக்குக் கையில்லையா?" என்பதே அது. கேட்பவர் நெஞ்சு நெகிழும். இதற்கு மேல் கட்டிலின் விலையைப் பற்றிப் பேசுபவர் பாசமற்றவராகிவிடுவார். இப்படியே பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த மறுப்புக்குப் பின்னால் பெருமைக்குரிய ஒரு மரபு நிற்கிறது என்பதை நாம் மறக்கவில்லை. படுத்திருப்பவருக்குக் கையால் செய்யும் தொண்டு, செய்கிறவரை உயர்த்தும் என்பது தமிழர் நெடுநாள் கண்ட உண்மை. புறநானூற்றின் 50-ஆம் பாட்டுக்குப் பின்னுள்ள நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவார்கள். மோசிகீரனார் என்னும் புலவர், முரசு வைக்கும் கட்டில் என்றறியாமல் அதன்மேல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அவ்வாறு செய்தவரை வாளால் வெட்டுவதே அன்றைய முறை. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை விடுத்து விசிறியை எடுத்தான். தன் கையாலேயே புலவருக்கு வீசி நின்றான். இரண்டாயிரம் ஆண்டுகளை நெருங்கும் இந்நாளிலும் அந்தக் கை நம் நினைவில் இருக்கிறது.

ஆனால் அரசன் வீசியது ஒரே ஒரு பொழுது. அதுவும் அவனே விரும்பி எடுத்த விசிறி. இன்னொருவர் கையில் அதைக் கொடுத்து ஆறு ஆண்டுகள் வீசச் சொல்லிவிட்டு, அதன் புகழைத் தான் கொள்ளவில்லை. நம் வீடுகளில் "கையில்லையா" என்று கேட்கிறவரின் கைதான் தாயைத் தூக்குகிறதா என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டாமா? பெரும்பாலும் அது மனைவியின் கை, மருமகளின் கை, திருமணமாகாமல் வீட்டோடு தங்கிவிட்ட மகளின் கை. 2019-ஆம் ஆண்டு நடுவண் அரசு நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டிலுள்ளோரைப் பேணும் பணியில் ஈடுபட்டோர் பெண்களில் 27.6 விழுக்காடு, ஆண்களில் 14 விழுக்காடு என்று தெரியவந்தது. குழந்தைகளைப் பேணுவதும் இதில் அடங்கும். எனினும் சுமை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அறிய இது போதும்.

சுமை என்ற சொல்லை நாம் அணியாகப் பயன்படுத்தவில்லை. அது கிலோ கணக்கில் அளக்கக்கூடிய ஒன்று. செவிலியரின் முதுகுநோயை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில்நல அறிஞர்கள், நோயாளியைக் கையால் தூக்குகையில் ஒருவர் தாங்கும் எடை 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவைத் தாண்டலாகாது என்று 2007-இல் வரையறை கூறினர். அதுவும் நிலைமைகள் எல்லாம் ஏற்றவையாக இருக்கும்போதுதான். ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டியின் தலை, மார்பு, கைகள் ஆகியவை சேர்ந்தாலே இந்த எல்லையைக் கடந்துவிடும். இனி ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பல் துலக்க ஒரு முறை, காப்பிக்கு ஒரு முறை, மூன்று வேளை உணவு, மூன்று வேளை மருந்து, சளி கட்டி மூச்சு முட்டும்போது, சட்டை மாற்றும்போது, சறுக்கிக் கீழே இறங்கிவிட்ட உடலை மேலே இழுக்கும்போது. பத்து முறைக்குக் குறையாது. செய்பவருக்கும் ஐம்பது, அறுபது வயது. அவருக்கே இடுப்பில் தேய்மானம்.

தூக்கப்படுபவருக்கும் இது எப்போதும் இதமாக இருப்பதில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும், முன்கையைப் பற்றி இழுப்பதும் நம் வீடுகளில் இயல்பாகிவிட்டன. பக்கவாதத்தால் செயலிழந்த கையை அவ்வாறு இழுத்தால் தோள்மூட்டு இறங்கிப்போய், அதன்பின் தொட்டாலே வலிக்கும். பாசத்தோடு இழுத்தோம் என்பது மூட்டுக்குத் தெரியாது. எனவே கட்டிலா, கையா என்ற எதிர்நிலையே நமக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஒரு பெண்ணின் முதுகெலும்பைத் தேயவிட்டு, அந்தத் தேய்மானத்துக்குப் பாசம் என்று பெயரிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பெயர் அழகாக இருப்பதால் அதன் நீதியின்மை கண்ணில் படுவதில்லை. தூக்கும் வேலையைக் கட்டில் எடுத்துக்கொண்டால், அந்தக் கைக்குத் தலைவாரிவிடவும் காலைப் பிடித்துவிடவும் வலிமை மீந்திருக்கும்.

மறுப்பு சில நேரங்களில் உள்ளறையிலிருந்தே வருகிறது. "எனக்கெதுக்கு இவ்வளவு செலவு? நான் இன்னும் எத்தனை நாளைக்கு?" இந்தச் சொற்களைக் கேட்டதும் நாம் பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா" என்று வாயை அடைத்துவிட்டு, நம் விருப்பப்படி முடிவெடுக்கிறோம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவரைக் கேட்காமலேயே நடக்கிறது. யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக உடல்நலமற்றுக் கிடந்த ஒருவரைக் காண்கிறோம். இயேசு அவரிடம் முதலில் செய்தது, அவர் நலம்பெற விரும்புகிறாரா எனக் கேட்டதே. விடை வெளிப்படையாகத் தெரிகிற வினாவாயிற்றே, இதைக் கேட்பானேன் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் தம் உண்மையான துயரைச் சொல்கிறார். தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவரது முறையீடு. நோயைவிடப் பிறர் கைக்காகக் காத்துக் கிடந்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆகவே கேட்க வேண்டும். கட்டில் வேண்டுமா என்று கேட்பதில் பயனில்லை. வேண்டாம் என்றே சொல்வார்கள். இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, எதற்காக வருகிறது, தாமே எழ முயன்று முடியாமல் போவது எப்போது, யாரைக் கூப்பிடத் தயங்குகிறார்கள் என்று மெல்லக் கேட்டால் பல செய்திகள் வெளிவரும். இரண்டு மணிக்கு நாவறண்டு விழித்த முதியவர், கைக்கெட்டும் தொலைவில் செம்பில் நீர் இருந்தும், தலையைத் தூக்க முடியாமையால் விடியும்வரை பொறுத்திருப்பார். மருமகள் பகலெல்லாம் உழைத்து உறங்குகிறாள், அவளை எழுப்பலாகாது என்பதே காரணம். இத்தகைய இரவுகள் எத்தனையோ கூடத்தில் அமர்ந்து முடிவெடுப்பவர்களுக்குத் தெரியாமலே கழிகின்றன.

இன்னொன்றையும் அவர்கள் எளிதில் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வீட்டுக்குள் வருவது, இனி எழப்போவதில்லை என்று தீர்ப்பு வாசிப்பதுபோல் அவர்களுக்குப் படுகிறது. திருமணத்தின்போது வந்த தேக்கங்கட்டிலில் ஐம்பது ஆண்டுகள் இருவராகப் படுத்தவரை, மூன்றடி அகலமுள்ள இரும்புக் கட்டிலுக்கு மாற்றுகிறோம். அதில் ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு. கணவரோ மனைவியோ அன்றுமுதல் கீழே பாய் விரித்துக்கொள்கிறார். கட்டிலைப் பற்றிய பேச்சில் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு சொல்லும் எழுவதில்லை. இதற்கு வழியில்லாமல் இல்லை. பழைய கட்டிலின் உயரத்துக்கு ஏற்பப் புதியதை நிறுத்தி, இரண்டையும் இடைவெளியின்றி அணைத்துப் போட்டுச் சக்கரங்களைப் பிரேக்கிட்டு நிறுத்தலாம். பெரிய கடைகளில் இருவர் படுக்கும் அகலத்தில், இரு பாதிகளும் தனித்தனியே உயரும் வகையும் இப்போது கிடைக்கிறது. அவ்வகையின் குறையைப் பின்னர்ச் சொல்கிறோம்.

வாங்கவே கூடாத நிலையும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. பெற்றோர் தள்ளாடியேனும் நடக்கிறார், எழுந்திருக்க மட்டும் சிரமப்படுகிறார் என்றால், அவருக்குப் படுக்கையை மேலும் வசதியாக்குவது உதவியாகாது. 2007-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், நல்ல உடல்நிலையில் இருந்த முதியோர் 11 பேரை 10 நாள்கள் படுக்கையில் இருக்கச் செய்து அளந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயில்லாதவருக்கே பத்து நாளில் இந்த இழப்பு. எனவே படுக்கையிலிருந்தே உண்ணவும் தொலைக்காட்சி பார்க்கவும் வழிசெய்யும் கட்டில், நடக்கிறவரை நடக்காதவராக்கிவிடக் கூடும். அவருக்கு வேண்டியது, அமர்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் பதியும் உயரமுள்ள சாதாரணக் கட்டிலும், அதிக இறுக்கமோ குழைவோ இல்லாத மெத்தையும், கழிவறைச் சுவரில் உறுதியான பிடிகம்பியும்தான். இரவில் நெஞ்செரிச்சல் மட்டுமே தொல்லையென்றால், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் ஆறு அங்குல மரக்கட்டைகளை உறுதியாக வைத்தாலே போதும். ஆஸ்துமாக்காரர்களான நம் தாத்தாக்கள் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில் உறங்கியதைப் பலரும் பார்த்திருப்போம். இன்றும் சாய்வு முட்டு, முக்கோணத் தலையணை என்பவை சில நூறு ரூபாய் முதல் கிடைக்கின்றன. அவற்றால் சில வாரங்கள் பழகிப் பார்த்தபின் முடிவெடுப்பது நன்று.

வாங்குவதென்று துணிந்தபின் கடைக்காரரின் சொற்கள் நம்மைக் குழப்பும். செமி ஃபவுலர், ஃபுல் ஃபவுலர், ஐ.சி.யூ. கட்டில் என்று அவர் அடுக்குவார். ஃபவுலர் என்பது ஒரு மருத்துவரின் பெயர். புருக்ளினில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஜார்ஜ் ரயர்சன் ஃபவுலர், வயிற்று உள்ளுறை அழற்சி கண்ட நோயாளிகளைத் தலையும் மார்பும் உயரச் சாய்த்து வைப்பதன் நன்மையை 1900-இல் எடுத்துரைத்தார். முதுகும் முழங்காலும் தனித்தனியே மடியும்படி கட்டிலை அமைத்தவர் வில்லிஸ் காட்ச் என்னும் மற்றோர் அமெரிக்க அறுவை மருத்துவர், ஆண்டு 1909. இன்று கடையில் நாம் காணும் கட்டில்கள் பெரும்பாலும் அவ்விருவரின் வழிவந்தவையே. செமி ஃபவுலரில் கைப்பிடி ஒன்று, முதுகுப்பகுதி மட்டும் உயரும். ஃபுல் ஃபவுலரில் கைப்பிடி இரண்டு, முழங்கால் பகுதியும் மடியும்.

ஒன்று போதுமே, இரண்டு எதற்கு என்று நமக்குத் தோன்றும். விலை வேறுபாட்டைக் கண்டு பலரும் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். முதுகை மட்டும் உயர்த்தினால் உடல் மெல்ல மெல்லக் கீழ்நோக்கிச் சறுக்கும். அப்போது புட்டத்தின் தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிட, உள்ளே எலும்பும் தசையும் இறங்கும். வெளியே தெரியாத இந்த இழுபாடுதான் படுக்கைப் புண்ணுக்கு ஒரு முக்கியக் காரணம். முதலில் முழங்காலைச் சற்றே உயர்த்தி, அதன்பின் முதுகை உயர்த்தினால் சறுக்கல் பெரிதும் குறையும். உணவு நேரம் தவிர மற்ற நேரங்களில் தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் நெடுநேரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணும்போது நன்றாக நிமிர்த்தி, உண்டபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கச் செய்தால், உணவு மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து குறையும். முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவோர் அறிவர், மல்லாந்து கிடப்பவரால் நாவில் வைத்த அப்பத்தை விழுங்குவது எவ்வளவு கடினம் என்று.

இனி, கைப்பிடியா மோட்டாரா என்ற வினா. நம் கட்டுரையின் நடுப்பொருள் இதிலேயே அடங்கியிருப்பதாகக் கருதுகிறோம். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கடையில் குனிந்து பாருங்கள். கால்மாட்டில், கட்டிலுக்கடியில் இருக்கிறது. படுத்திருப்பவர் அதை ஒருநாளும் எட்ட முடியாது. அந்தக் கட்டில் எவ்வளவு எளிதாகச் சுழன்றாலும், அவர் எழுந்து அமர விரும்பும் ஒவ்வொரு முறையும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். தூக்குபவரின் முதுகு பிழைக்கும், தூக்கப்படுபவரின் காத்திருப்பு தொடரும். மோட்டார் கட்டிலில் ரிமோட் தலையணை அருகே கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அவர் தாமே பொத்தானை அழுத்தி நிமிர்ந்து, செம்பை எடுத்துக் குடித்துவிட்டுத் தாமே படுத்துக்கொள்ளலாம். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நாளெல்லாம் நன்றியும் மன்னிப்புமாகவே பேசிப்பேசி ஓய்ந்துபோன ஒருவருக்கு இது என்ன பொருளுடையது என்பதை நலமாயிருக்கும் நாம் முழுவதும் உணர முடியாது.

மோட்டார் கட்டிலின் விலை கைப்பிடிக் கட்டிலைப்போல் சில மடங்கு. ஆடம்பரம் என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். கையும் அறிவும் தெளிவாயிருந்து, கால்களோ முதுகோ மட்டும் ஒத்துழைக்காத ஒருவருக்கு அதை ஆடம்பரம் என்று நாம் சொல்லமாட்டோம். மறதிநோய் முற்றியவருக்கோ, விரலசைக்கவும் இயலாதவருக்கோ, அதே பணத்தைச் செலவிடுவதில் பொருளில்லை. அவர்களுக்கு இரண்டு கைப்பிடிக் கட்டில் போதும். ரிமோட் இருந்தால் தவறி அழுத்திவிடாதபடி அதைப் பூட்டிவைக்கவும் நேரும். விலையை வைத்தோ நம் வசதியை வைத்தோ தொடங்காமல், அவர் கையால் எது இயலும் என்பதிலிருந்து தொடங்கினால் தெரிவு எளிதாகிவிடும்.

உயரத்தைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. பேணுபவருக்கு அவர் இடுப்பளவு உயரத்தில் படுக்கை இருந்தால் குனிய வேண்டியதில்லை. படுத்திருப்பவருக்கோ இறங்கும்போது பாதம் தரையில் பட வேண்டும், தவறி விழுந்தாலும் அடி குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. முழுக்கட்டிலும் மேலும் கீழும் நகரும் வசதி ஒன்றே இருவருக்கும் நீதி செய்யும். நாம் முன்பு குறித்த, விளம்பரங்களில் பளபளக்கும் இருவர் கட்டில்களில் பெரும்பாலும் இல்லாதது இதுவே. தலையையும் காலையும் உயர்த்தும், அழுத்திப் பிடித்துவிடவும் செய்யும், ஆனால் கட்டில் இருந்த உயரத்திலேயே இருக்கும். அவற்றை விற்போர் ஜீரோ கிராவிட்டி என்றொரு நிலையைப் பெருமையாகச் சொல்வார்கள். புவியீர்ப்பு எங்கும் போய்விடவில்லை, முழங்காலும் மார்பும் சற்று உயர்ந்த நிலைக்கே அந்தப் பெயர்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்சாரம் நின்றால் கையால் இறக்கும் வழியோ பேட்டரியோ உண்டா என்று கேளுங்கள். 2012-ஆம் ஆண்டு வாக்கில் தமிழகம் கண்ட நெடும் மின்வெட்டை மறந்தவர் எவருமில்லை. நிமிர்ந்த நிலையிலேயே கட்டில் நின்றுபோனால் நோயாளியின் நிலை என்னவாகும்? இலவம்பஞ்சு மெத்தை மடிப்பில் குவிந்துவிடும், ஆகவே பகுதி பகுதியாக மடியும் மெத்தையே ஏற்றது. கட்டில் ஏறத்தாழ மூன்றடி அகலம், ஆறரை அடி நீளம் இருக்கும். வாசற்படியையும் அறைக்கதவையும் நூல்பிடித்து அளந்துகொண்டு போவது நல்லது. நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பக்கக் கம்பிகளைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கம்பி என்றாலே காப்பு என்று நாம் நம்புகிறோம். 1985 முதல் 2009 வரை, கட்டில் கம்பிகளுக்கிடையே நோயாளிகள் சிக்கிக்கொண்ட 803 நிகழ்வுகள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. அவற்றுள் 480 இறப்பில் முடிந்தன. பலவீனமான, மனங்குழம்பிய முதியோரே இதில் மிகுதியாக ஆபத்துக்குள்ளாகிறார்கள். கம்பியின்மேல் ஏறி இறங்க முயன்று, கம்பியில்லாதிருந்தால் விழும் உயரத்தைவிட அதிக உயரத்திலிருந்து விழுவோரும் உண்டு. மெத்தைக்கும் கம்பிக்கும் இடையே தலை நுழையும் இடைவெளி இருக்கலாகாது. நாம் இன்னொரு கோணத்தையும் நினைக்கிறோம். இரவில் அவர் எழுந்து நம்மைத் தொல்லைப்படுத்தாதிருக்க ஏற்றப்படும் கம்பி எந்தக் கம்பி? அவர் பிடித்துத் திரும்ப ஏற்றப்படும் கம்பி எது? பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஏற்றுபவரின் மனச்சான்று மட்டுமே வேறுபாட்டை அறியும். கட்டிலைத் தரையளவுக்குத் தாழ்த்திக் கீழே ஒரு மெத்தையை விரித்துவிட்டுக் கம்பியை இறக்கிவிடுவது, பல நேரங்களில் அதிகப் பாதுகாப்பும் அதிக மரியாதையும் ஆகும்.

எவ்வளவு உயர்ந்த கட்டிலானாலும் அது செய்யாத வேலை ஒன்றுண்டு. தானாக ஒருக்களிக்க முடியாதவரை அது திருப்பிவிடாது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லிக்கொடுப்பதற்கு மாற்றாகக் கட்டிலைக் கொள்ளலாகாது. காற்று மெத்தை அழுத்தத்தை மாற்றி மாற்றித் தாங்கும், அதுவும் துணை மட்டுமே. குதிகாலும் புட்டமும் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க ஒரு கண் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த கட்டிலை வாங்கி அனுப்பிவிட்டு, "இனிமேல் அம்மாவுக்கு ஒரு குறையுமில்லை" என்று தொலைபேசியில் சொல்லும் பிள்ளைகளை நாம் குறைகூற விரும்பவில்லை. தொலைவில் இருப்பவருக்குப் பணமே கைக்கு மாற்று. ஆனால் அவர்கள் அனுப்பும் தொகையில் ஒரு பகுதி, வாரத்துக்கு இரண்டு நாள் வந்து உதவும் ஒருவருக்கான கூலியாகவும் இருக்கலாமே. தூக்கும் கை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பூசைக்குப் போய்வரட்டும்.

பணமில்லாதோர்க்கு என்ன வழி என்ற கேள்விக்கு நம்மிடம் எளிய விடை உண்டு. மருத்துவப் பொருள் கடைகள் பலவும் கட்டிலை மாத வாடகைக்குத் தருகின்றன. சில மாதங்களே தேவைப்படும் நோய்க்கு வாடகையே அறிவு. ஓராண்டைத் தாண்டும் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், வாடகை விலையை எட்டிவிடும். பயன்படுத்திய கட்டிலை வாங்கத் தயங்குவோர் நம்மிடையே மிகுதி. இறந்தவரின் கட்டில் என்ற அச்சம் அதற்குக் காரணம். மருத்துவமனையில் நாம் படுக்கும் ஒவ்வொரு கட்டிலிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுவிட்டா படுக்கிறோம்? இரும்பைச் சோப்பு நீரால் கழுவி, திருகாணிகளுக்கு எண்ணெயிட்டு, மெத்தையை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். பல பங்குகளில் இறந்தோரின் குடும்பங்கள் மாடிப்படிக்கடியில் துருப்பிடிக்க விட்டிருக்கும் கட்டில்களைச் சேர்த்தாலே, கேட்போர்க்குக் கேட்டபோது கொடுத்து வாங்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரோ அன்பியத்தினரோ ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்துக்கொண்டால் இது நடக்கும். பெரிய நிதி எதுவும் தேவையில்லை, கட்டிலைக் கொண்டுசெல்லும் வண்டிக் கூலி மட்டுமே.

கட்டில் வீட்டுக்கு வந்தபின் எங்கே போடுவது என்பதை அதில் படுக்கப் போகிறவரே சொல்லட்டும். விருந்தினர் கண்ணில் படக்கூடாதென்று பின்னறையில் தள்ளுவது நம் வழக்கம். தலைமாட்டை உயர்த்தினால் எதைப் பார்க்க முடியும் என்று எண்ணுங்கள். சுவரைப் பார்ப்பதற்கு யாரும் நிமிர்ந்து அமர விரும்புவதில்லை. தெருவோ, முற்றமோ, குழந்தைகள் வந்துபோகும் நடையோ தெரியும்படி போட்டால் கட்டிலின் பயன் இருமடங்காகும். மோட்டார் கட்டிலானால், பொருத்த வருகிற கடைப் பையன் வழக்கமாக வீட்டுத் தலைவரிடம்தான் ரிமோட்டைக் கொடுத்து விளக்குவான். அதை வாங்கிப் படுத்திருப்பவர் கையில் கொடுங்கள். எந்தப் பொத்தான் எதற்கென்று அவர் தாமே இரண்டு மூன்று முறை அழுத்தி, உயர்ந்தும் தாழ்ந்தும் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பையனை அனுப்பிவிட வேண்டாம்.